எழுதிட்டேன் அக்காவும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று இரண்டாம் நாளும்

இந்த உலகத்தில் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். கல்யாணத்துக்கு முந்தைய காதலை மறைக்கலாம், தொப்பிக்குள் வழுக்கையை மறைக்கலாம், பத்தாம் வகுப்பில் கணக்குக்கு வாங்கிய மார்க்கைச் சாகும்வரை மறைக்கலாம். எழுதிட்டேன் அக்காவிடம் ஒரு தும்மலை மறைக்க முடியாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் நான்கு வருஷம் குப்பை கொட்டினேன். அங்கே முதலுதவி அறை நர்ஸ்தான் அக்கா. பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். அவர் அறையில் பாதி டெட்டால் வாசனையும் பாதி மீன் குழம்பு வாசனையும் அடிக்கும். சம்பளச் சீட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எந்த நோவோடு யார் போய் நின்றாலும் மருந்து போட்டு முடித்து, பதிவேட்டை இழுத்து வைத்து நிதானமாக எழுதி, பேனாவை மூடியபடி "எழுதிட்டேன்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

அந்தப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள். பெயர், என்ன ஆனது, எப்படி ஆனது, என்ன செய்தேன். மற்ற இடங்களில் மூன்றாவது கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரு தடவை எழுதிவிட்டு, கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்கள். அக்காவுக்கு மேற்படி என்ற வார்த்தையே ஆகாது. "நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கியது. ஸ்பேனர் தேய்ந்தது. மாற்றித் தரச்சொல்லி மூன்று தடவை கேட்டாராம்" என்று எழுதுவார். கேன்டீன் மாஸ்டர் கையைச் சுட்டுக்கொண்டு வந்தபோது, "சாம்பார் தெறித்தது. இன்றைக்கு மட்டும் சூடாக இருந்திருக்கிறது" என்று எழுதினார். மாஸ்டர் ஒரு வாரம் அவருக்கு டீ அனுப்பவில்லை. அதையும் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அடிபட்டு வந்தவர்கள் தங்கள் வரியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அக்கா வைத்த சட்டம். ஆனால் மேல் வரிக்காரனின் வியாதி கீழ் வரிக்காரன் கண்ணில் படக்கூடாதே. அதற்காக ஒரு பழைய எக்ஸ்ரே கவரை எடுத்து, நடுவில் பிளேடால் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். கவரைப் பக்கத்தின் மேல் வைத்தால் உங்கள் வரி மட்டும் ஜன்னலில் தெரியும். மற்றதெல்லாம் காக்கி நிறம்.

எல்லாவற்றையும் எழுதுகிறவர், எதையும் வெளியே சொல்லமாட்டார். ஒருமுறை ஒரு வெல்டரின் மனைவி போன் செய்து, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். "உங்க ஊட்டுக்காரரு கைலயே கேளும்மா" என்று அக்கா போனை வைத்துவிட்டார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரத்தில், யார் யாருக்கு ரத்த அழுத்தம் என்று பட்டியல் வேண்டும் என்று பர்சனல் டிபார்ட்மென்டில் கேட்டார்கள். "எல்லாருக்கும் ரத்தம் இருக்கிறது, அழுத்தமும் இருக்கிறது" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை.

ரகசியத்தைக் காப்பாற்ற அவரிடம் இன்னொரு கருவியும் இருந்தது. ஒரு டேபிள் ஃபேன். அதை மூன்றில் வைத்தால் ஹெலிகாப்டர் இறங்குகிற சத்தம் வரும். யாராவது குரலைத் தாழ்த்தி "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் போதும், உடனே ஃபேனைப் போட்டுவிடுவார், வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று. இதில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. ஃபேன் ஓடினால் உள்ளே ரகசியம் என்று கம்பெனி முழுக்கத் தெரிந்துபோயிற்று. மார்கழிக் குளிரில் ஃபேன் சத்தம் கேட்டால், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பிலிருந்து பத்துப் பேர், தண்ணீர் குடிக்கும் சாக்கில் அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். யார் வெளியே வருகிறார்கள் என்று பார்த்தால்தான் அவர்களுக்குத் தாகம் தணியும்.

வியாழக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்கு ஃபேன் ஓடும். உள்ளே இருப்பவர் ஜி.எம். எங்கள் ஜெனரல் மேனேஜர். அவருக்கு என்ன என்று பிரஸ் ஷாப்பில் ஏழு கருத்துகளும் பெயின்ட் ஷாப்பில் பதினொரு கருத்துகளும் இருந்தன. உண்மை எனக்கு இன்றுவரை தெரியாது.

என் ரகசியம் மட்டும் ஊரறிந்தது. எனக்கு அல்சர். சேர்ந்த முதல் மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் போனேன். திருநின்றவூரிலிருந்து இருட்டு பிரிவதற்குள் கிளம்பி, இரண்டு ரயில் மாறி வருகிறவன் நான். அக்கா வயிற்றை அமுக்கிப் பார்த்து, அல்சர் என்று சொல்லி, ஒரு மாத்திரையை எடுத்து வைத்து, தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். "இந்த மாத்திரைய வெறும் வயித்துல போட்டா ஆவாது. மொதல்ல இத்த துன்னு" என்றார். நான்கு இட்லியும் மீன் குழம்பும். ஆறு மாதம் தினமும் காலையில் இந்த வைத்தியம் நடந்தது. வயிற்று வலி போய்விட்டது. நானும் யாரைப் பார்த்தாலும், எனக்கு அல்சர், டென்ஷனான வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த டென்ஷனான வேலை என்னவென்றால், தினமும் காலையில் கேட்டில் இருக்கும் பலகையில் நம்பர் மாற்றுவது. சேஃப்டி ஆபீசர் நாற்காலி ரொம்ப நாளாகக் காலி. அதன் மேல் ஒரு ஹெல்மெட் மட்டும் இருக்கும். உதவியாளனான நான்தான் எல்லாம். பலகையில் 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே மூன்று கொக்கிகளில் தகட்டு எண்கள் தொங்கும். நான் சேர்ந்தபோதே அது பெரிய எண்ணாக இருந்தது. ஆயிரத்தைத் தொட்டால் விழா, கேடயம், எல்லோருக்கும் மட்டன் பிரியாணி. ஹெல்மெட் போட்ட ஜி.எம். கட்டைவிரலை உயர்த்தி நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனரை முன்கூட்டியே அடித்து ஸ்டோரில் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அவ்வளவு நாள் விபத்தே இல்லையா என்று கேட்காதீர்கள். எங்கள் கணக்குப்படி அடிபட்டவன் வேலைக்கு வராவிட்டால்தான் விபத்து. அதனால் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெரியவரைக் கம்பெனி வேனில் ஏற்றி வந்து, ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஒன்றரை மாதம் அவர் வாஷர்களைப் பெரிசு சிறிசு என்று பிரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் போனதும், பிரித்த வாஷர்களை நானே மறுபடியும் கலந்து வைப்பேன். மறுநாளைக்கும் அவருக்கு வேலை வேண்டுமே. பதிவேட்டில் அக்கா, "எலும்பு முறிவு. ஓய்வு தேவை. வேனில் வருகிறார்" என்று எழுதியிருந்ததைப் பெரியவரே சொன்னார். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது வரமாட்டேன் என்கிறது.

பலகையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று தொங்கிய அன்று காலை, நான்காம் நம்பர் பிரஸ்ஸில் முனிரத்தினத்தின் வலது கை மாட்டியது. எளாவூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கொஞ்சம் நெல் நிலம் உண்டு, கான்ட்ராக்ட் தொழிலாளி. கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்துவதற்கென்று பிரஸ்ஸில் ஒரு சென்சார் இருக்கும். அது அடிக்கடி மிஷினை நிறுத்துகிறது, டார்கெட் போகிறது என்று யாரோ அதை ஏமாற்றி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சேஃப்டி.

அக்கா ஓடி வந்து கையைக் கட்டி, வண்டியில் தன் மடிமேல் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நர்சிங் ஹோமுக்குப் போனார். ஒரு விரலைக் காப்பாற்றினார்கள், ஒரு விரல் போயிற்று. மத்தியானம் திரும்பி வந்தவர், புடவையில் ரத்தத்தோடு உட்கார்ந்து எழுதிய பிறகுதான் கை கழுவப் போனார்.

அதற்குள் மேலே கதை தயாராகிவிட்டது. முனிரத்தினம் காலையில் வேலைக்கே வரவில்லை, வீட்டில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது. இப்படிச் சொன்னால் வேலை நிலைக்கும் என்று அவர் மனைவியிடம் சூப்பர்வைசர் பேசிவிட்டார். அந்தம்மாவும் அழுதுகொண்டே தலையாட்டியிருக்கிறார். வேலை செய்கிற இடத்தில் விரல் போனால் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலிருந்து ஆயுள் முழுக்க மாதாமாதம் உதவி வரும், வீட்டில் போனால் வராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வலது கையில் ஒரு விரல் இல்லாதவரை அடுத்த வருஷம் எந்த பிரஸ்ஸில் நிறுத்துவார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

கதைக்கு இடைஞ்சல் அக்காவின் ஒரு வரி மட்டும்தான். ஜி.எம். என்னையும் கூட்டிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனார்.

"சிஸ்டர், ஒரு வரிதானே. மோட்டார் பெல்ட்னு மாத்திடுங்க. அவன் வேலைக்கு நான் பொறுப்பு."

"எழுதிட்டேன் சார்."

"வொயிட்னர் குடுத்தனுப்புறேன்."

"வேணாம் சார், கைல பட்டா அரிக்கும்."

ஜி.எம். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தார். பிறகு, "உங்க கான்ட்ராக்ட்டும் அடுத்த மாசம் முடியுது. ஞாபகம் இருக்கா?" என்றார்.

"அதையும் குறிச்சி வெச்சிக்கினுதான் சார் கீறேன்."

நான்கு மணிக்கு ஜி.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆடிட் வருகிறது, பழைய பதிவேடு அழுக்காக இருக்கிறது, அதை வாங்கி வந்து இந்தப் புது நோட்டில் அழகாக ஒரு ஃபேர் காப்பி எடு என்றார். அந்த ஒரு வரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே எனக்குப் புரிந்தது என்பதுதான் என் வெட்கம்.

புது நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன். வேர்த்தது. அக்கா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் கையை இழுத்து பி.பி. பட்டையைச் சுற்றி அமுக்கினார்.

"நூத்தி அறுபது காட்டுது. உனுக்கு இன்னா வயசு?"

"இருபத்தாறு அக்கா."

வழக்கம்போல் எழுதினார். அடிபடாமல் வருகிறவர்களுக்கு வரியைக் காட்டும் வழக்கமில்லை, ஆனால் அன்று எக்ஸ்ரே கவரை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்து என் பக்கம் திருப்பினார். ஜன்னலில் என் வரி தெரிந்தது. "பி.பி. அதிகம். எப்படி ஆனது: பெரியவர்கள் தப்பான வேலை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்தேன்: தண்ணீர் கொடுத்தேன். தானாகச் சரியாகிவிடும்."

தண்ணீரைக் குடித்தேன். நான் வெற்று நோட்டோடு வெளியே வந்து, ஜி.எம். அறைக்குப் போகாமல், பின் கேட் வழியாக ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன். என் வீரம் அந்த மட்டில் இருந்தது.

மறுநாள் காலை ஏணியைச் சாத்திப் பலகைமேல் ஏறினேன். கையில் 'இரண்டு' என்ற தகடு இருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வரியில் இருந்த 'தானாகச் சரியாகிவிடும்' மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தகடுகளையும் கழற்றினேன். கடைசிக் கொக்கியில் ஒரு பூஜ்யத்தை மாட்டினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி, "இன்னா தம்பி, மத்த ரெண்டு நம்பர் கெடைக்கலியா?" என்றார். இனிமேல் தேவையில்லை என்றேன்.

ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். டீ டைமுக்குள் பூஜ்யம் பக்கத்துக் கம்பெனிகளைச் சுற்றி முடித்து எளாவூருக்கே போய்விட்டது. முனிரத்தினத்தின் மனைவி அந்தப் படத்தோடு நர்சிங் ஹோமில் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டு, கேட்டில் ஒன்று போட்டிருக்கிறீர்கள், என்னிடம் வேறு சொல்கிறீர்களே என்று கேட்டாராம். சூப்பர்வைசர் அங்கிருந்து நழுவி, தன் போனையும் அணைத்துவிட்டார்.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார். நெஞ்சை நிமிர்த்தி, மனசாட்சியைக் கேட்டு என்று சொன்னதாக எழுத ஆசைதான். அக்கா படித்தால் அடிப்பார். "சிஸ்டர் எழுதிட்டாங்க சார்" என்று பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டேன்.

ஜி.எம். விறுவிறுவென்று முதலுதவி அறைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். உள்ளே நுழைந்தவர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். அக்கா உடனே ஃபேனைப் போட்டார். வாசலுக்கு உள்ளே நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"இனிமே ஈ.எஸ்.ஐ. ஆபீசருங்க வந்து இந்த ரிஜிஸ்டரைக் கேப்பாங்க. என் பேர்லயும் இதுல நிறைய இருக்கே சிஸ்டர்."

நேற்று அக்காவை மிரட்டியதற்கு இன்று பதில் கிடைக்கும் என்று அவர் முடிவே செய்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கா எக்ஸ்ரே கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது அவன் வரி சார். அது உங்க வரி. அவன் வரிய கேக்கறவங்களுக்குக் காட்டுவேன். உங்க வரிய யாரு வந்தாலும் காட்டமாட்டேன். என்னை ஊட்டுக்கு அனுப்பினாலும் காட்டமாட்டேன். பயப்படாம போய் வேலைய பாருங்க. மாத்திரைய மட்டும் வுட்றாதீங்க."

ஜி.எம். முகத்தில் நிம்மதி இருந்தது, அவமானமும் இருந்தது, எது அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் மறுபடியும் முதலுதவி அறைக்கு வந்து, பிரஸ் ஷாப்பில் நடந்த விபத்து என்று எழுதிய அறிக்கையில் அவரே கையெழுத்துப் போட்டார். அப்போதும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால், வெளியே தண்ணீர் குடிக்க வந்தவர்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பத்து நாள் கழித்து ஈ.எஸ்.ஐ. ஆபீசர் வந்தார். அக்கா கவரை வைத்து ஒரே வரியைக் காட்டினார். மற்ற பக்கங்களைப் புரட்டப் போன ஆபீசரின் கையைத் தட்டிவிட்டார். அரசாங்கக் கையைத் தட்டிய ஒரே ஆளை நான் பார்த்தது அன்றுதான். முனிரத்தினம் கட்டோடு வந்து, ஜன்னலில் தன் வரியை இரண்டு தடவை படித்துவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோழி கிளறின மாதிரி இருந்தது. அக்கா அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் வர வேண்டியது இப்போதும் முனிரத்தினத்துக்கு வருகிறது.

அக்காவின் கான்ட்ராக்ட்டை மட்டும் யாரும் புதுப்பிக்கவில்லை. ஜி.எம். கேட்டுப் பார்த்ததாகவும், மேலே முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்கள். இருக்கலாம். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள், வாஷர் பிரிக்க. அக்கா இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயும் ஃபேன் ஓடுகிறதாம்.

எங்கள் கம்பெனியில் அவருடைய கடைசி நாளன்று அக்கா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். டெட்டால், பஞ்சு, பி.பி. மிஷின் எல்லாவற்றையும் புது நர்ஸிடம் ஒப்படைத்தாகிவிட்டது. பதிவேட்டைப் பூட்டுவதற்கு முன்னால், "என் வரியெல்லாம் பாக்கலாமா அக்கா?" என்றேன். உன் வரிதானே, பார்த்துக்கொள் என்று முதல் பக்கங்களுக்குத் திருப்பி, கவரை வைத்து ஃபேனையும் போட்டார். இதற்கு எதற்கு ஃபேன் என்று எனக்குப் புரியவில்லை.

ஜன்னலில் நான் சேர்ந்த மாதம் தெரிந்தது. "சேஃப்டி தம்பி. வயிற்று வலி என்கிறார். எப்படி ஆனது: அல்சர் எல்லாம் இல்லை, பசி. காலையில் சாப்பிடாமல் வருகிறார், கேட்டால் வெட்கப்படுவார். என்ன செய்தேன்: இட்லி நான்கு. மாத்திரை சும்மா, சத்துக்கு. வியாதி என்று அவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்."

எனக்குத் தெரிந்து அக்கா சொன்ன ஒரே பொய். அதையும் எழுதி வைத்திருந்தார்.

"இன்னாபா, நாஷ்டா துன்னியா இன்னிக்கி?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். டிபன் பாக்ஸைத் திறந்தார். ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நான் அழுதது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.